லேப்டாப் பிரிக்க விலை குறைந்த திருப்புளி செட்: எதைப் பார்த்து வாங்குவது?

விசிறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் லேப்டாப்புக்கு ஆறு வயது. கொஞ்ச நாளாக விசிறி ஓயாமல் இரைகிறது. மடியில் வைக்க முடியாத அளவுக்கு அடிப்பக்கம் சுடுகிறது. திறந்து தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டை வெளியே கடத்தத் தடவும் பசை) மாற்றி, கையோடு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

சிக்கல் திருப்புளியில்தான். வீட்டில் இருப்பது பிளக், சுவிட்ச் பெட்டி கழற்றும் பெரிய ஸ்டார் திருப்புளி ஒன்று. அதன் முனை லேப்டாப் ஸ்க்ரூவின் குழிக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. இணையக் கடைகளில் தேடினால் 24 துண்டு, 64 துண்டு, 115 துண்டு, 140 துண்டு என்று வரிசையாக வருகிறது. 115 துண்டு செட் 24 துண்டு செட்டைவிட மலிவாக இருப்பதுதான் புரியவில்லை. அதிகம் செலவழிக்கும் நிலையில் நான் இல்லை. எல்லா முனையும் உள்ள பெரிய செட்டையே வாங்கிவிடலாமா?

கழற்றிமாட்டி எழுதியது:

பொறுங்கள் தம்பி. செட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்து, போன் விளக்கைச் சாய்வாக அடித்து ஒவ்வொரு குழியாகப் பாருங்கள். கூட்டல் குறியா, ஆறு முனை நட்சத்திரமா, ஐந்து இதழ் பூவா? மொத்தம் எத்தனை? ஏதாவது ஆழமான துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா? இதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

இன்னொன்று. நாம் ‘ஸ்டார்’ என்று சொல்வது கூட்டல் குறி முனையை. அதன் பெயர் பிலிப்ஸ். முனையில் பிஎச் என்று பொறித்திருக்கும். ஆனால் விற்பனைப் பக்கங்களில் ‘ஸ்டார்’ என்று போட்டிருப்பது பல நேரம் ஆறு முனை டார்க்ஸ். அதில் டி என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். பெயரை நம்பி ஆர்டர் போட்டு, வந்த முனை எதிலும் பொருந்தாமல் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தையும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

விசிறிச்சத்தம் எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. எல்லாமே கூட்டல் குறி. மொத்தம் 11. ஒன்பது மேலாகவே தெரிகின்றன. கீல் பக்கம் இரண்டு மட்டும் குறுகலான துளைக்குள் ஆழத்தில் இருக்கின்றன. ஓரத்தில் ஒன்றின் தலை ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து வாங்கினேன், அப்போது ஆனது.

கழற்றிமாட்டி எழுதியது:

அப்படியானால் உங்களுக்குத் தேவை மூன்றே முனை, சிறியதிலிருந்து பெரியதாக: பிஎச்00, பிஎச்0, பிஎச்1. லேப்டாப்பில் பெரும்பாலும் வருவது எம்2, எம்2.5 ஸ்க்ரூக்கள் (அந்த எண் மறையின் விட்டம், மி.மீ.-ல்). எம்2-க்குப் பொதுவாக பிஎச்0, எம்2.5-க்கு பிஎச்1. சில தயாரிப்பாளர்கள் தலையைத் தட்டையாக்கிக் குழியையும் சிறிதாக்கியிருப்பார்கள், அங்கே பிஎச்00 கைகொடுக்கும். பிஎச்000 போனுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கும்.

115 துண்டு செட் ஏன் மலிவு என்று கேட்டீர்கள். நானும் அப்படி ஒன்று வாங்கியவன். பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. முதல் இரண்டு ஸ்க்ரூ வந்தன. மூன்றாவது கீல் ஸ்க்ரூ. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அழுத்தித் திருப்பினேன். ‘கிறுக்’ என்று ஒரு சத்தம், கையில் வழுக்கியது. முனையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நான்கு சிறகும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி இருந்தது. ஸ்க்ரூவின் குழியில் பளபளவென்று உலோகத் தூள். நூற்றுச் சொச்சம் முனையில் அந்த ஒரு பிஎச்0 போனதும் செட் முழுவதும் எனக்குப் பயனற்றுப் போனது. மீதி முனைகளில் பாதியை இன்று வரை தொட்டதில்லை.

அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த மூன்று முனைக்குத்தான்.

பார்க்க வேண்டியது முதலில் உலோகம். மலிவு செட்களில் ‘குரோம் வனேடியம்’ என்று இருக்கும், நல்லவற்றில் ‘எஸ்2’ என்று இருக்கும். எஸ்2 அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு. சரியாகப் பதப்படுத்தினால் சிறு முனைகளில் அது நன்றாகவே தாங்கும். ஆனால் எஸ்2 என்று அச்சடித்திருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. பதப்படுத்தியதும் முனையைச் சீவிய விதமும் சரியாக இருக்க வேண்டும். அதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கையில் எடுத்துத்தான் தெரியும்.

கையில் வந்ததும் இப்படிச் சோதியுங்கள். முனையை ஸ்க்ரூவின் குழியில் செங்குத்தாக வைத்து, திருப்பாமல் லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். சரியான முனை ‘டக்’ என்று உட்காரும், ஆட்டமே இருக்காது. கடகடவென்று ஆடினால் ஒரு அளவு பெரியதைப் போட்டுப் பாருங்கள். குழிக்குள் இறங்கக்கூடிய முனைகளில் பெரியது எதுவோ அதுதான் உங்கள் முனை. பிஎச்00 சுலபமாக இறங்குகிறதே என்று அதை வைத்தே எல்லாவற்றையும் கழற்றுவதால்தான் பாதி ஸ்க்ரூக்கள் தேய்கின்றன.

மெதுவாகத்திருப்பு எழுதியது:

கழற்றிமாட்டி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிலிப்ஸ் முனை வழுக்குவதற்கு அதன் வடிவமே காரணம். ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்ற முனை அது. பக்கங்கள் கூம்பாகச் சரிந்திருக்கும். திருப்பும் விசை கூடக் கூட அந்தச் சரிவு முனையை மேலே தள்ளும். அதனால் திருப்புவதைவிட அழுத்துவதில்தான் உங்கள் பலம் போக வேண்டும். நான் புதியவர்களுக்குச் சொல்வது: பலத்தில் முக்கால் பங்கு கீழே, கால் பங்கு சுற்றுக்கு. உள்ளங்கையைக் கைப்பிடியின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டே விரல்களால் திருப்புங்கள்.

1967-ல் வந்த டார்க்ஸில் பக்கங்கள் ஏறக்குறைய நேராக நிற்கும், அதனால் இந்தத் தள்ளல் அவ்வளவாக இல்லை. ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனியின் லேப்டாப்பில் டி5 டார்க்ஸ் போட்டிருக்கிறார்கள். கழற்றும் திருப்புளியையும் லேப்டாப்போடு கொடுக்கிறார்கள். ஸ்க்ரூக்கள் மூடியை விட்டு விழாமல் அதிலேயே நிற்கும். எல்லாரும் இப்படிச் செய்தால் இந்த விவாதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பச்சைப்பலகை எழுதியது:

நண்பர்களே, எஸ்2 எஸ்2 என்று பயமுறுத்தாதீர்கள். நான் எட்டு வருடமாகச் சாதாரண குரோம் வனேடியம் செட்டை வைத்துத்தான் நண்பர்களின் லேப்டாப்புகளைத் திறக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை திறப்பவருக்கு அது தாராளம். அவர் கையில் காசு இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறாரே.

கழற்றிமாட்டி எழுதியது:

பச்சைப்பலகை, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. நல்ல குரோம் வனேடியம் முனை, மோசமான எஸ்2 முனையைவிட மேல். என் கவலை ஒன்றுதான். முனை தேய்ந்தால் புது முனை வாங்கிக்கொள்ளலாம். ஸ்க்ரூ தலை தேய்ந்தால் லேப்டாப்பே திறக்காது. அவருடையதில் ஒன்று ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கிறது. அதை எடுக்க விளிம்பு கூர்மையான முனை வேண்டும்.

காசு குறைவு என்பதற்கு வழி இருக்கிறது. இந்தச் சிறு பிட்களின், அதாவது கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டும் முனைகளின், ஆறுபட்டை அடிப்பகுதி 4 மி.மீ. என்பது பொது அளவு. எந்தக் கைப்பிடியிலும் எந்தக் கம்பெனியின் 4 மி.மீ. பிட்டும் போகும். அதனால் மலிவான செட் ஒன்று, அதற்குமேல் தனியாக நல்ல பிஎச்0 பிட் ஒன்று, பிஎச்1 ஒன்று. அவ்வளவு போதும். செட்டில் உள்ள மற்ற முனைகள் என்றைக்காவது ஒரு நாள் வேண்டியிருக்கும், அதற்கு அவற்றின் தரம் போதும். வாங்கும்போது 4 மி.மீ. தானா என்று மட்டும் பாருங்கள். ட்ரில் மெஷினில் மாட்டும் பிட்கள் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். அவை இந்த வேலைக்கு ஆகாது.

தாழ்ப்பாள் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். பிட் செட்டே வேண்டாம், மூன்று தனித் திருப்புளி வாங்கினால் என்ன? வெஸல், வீஹா போன்ற கம்பெனிகள் சிறு அளவில் தனித்தனியாக விற்கின்றன. முனையும் தண்டும் ஒரே துண்டு, ஆட்டமே கிடையாது.

மெதுவாகத்திருப்பு எழுதியது:

நல்ல யோசனை தாழ்ப்பாள். கூட்டல் குறி ஸ்க்ரூ மட்டும் உள்ள லேப்டாப் வைத்திருப்பவருக்கு என் முதல் பரிந்துரையே அதுதான். அதுவும் விசிறிச்சத்தம் சொன்ன அந்த இரண்டு ஆழமான துளை இருக்கிறதே, அங்கே பிட் செட்டுக்குத்தான் சோதனை. பிட் மாட்டும் தண்டின் நுனி தடிமனாக இருக்கும். துளை குறுகலாக இருந்தால் அந்தத் தடிமன் வாயிலேயே முட்டி நிற்கும், முனை ஸ்க்ரூவைத் தொடாது. பெரும்பாலான பிட்கள் 28 மி.மீ. நீளம்தான், அதிலும் ஒரு பகுதி கைப்பிடிக்குள் போய்விடும். ஒல்லியான தண்டுள்ள தனித் திருப்புளி சர்ரென்று இறங்கிவிடும்.

செட் வாங்கினாலும் கைப்பிடியைக் கவனியுங்கள். தலையில் தனியாகச் சுழலும் மூடி இருந்தால் ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டலாம். பத்துப் பதினைந்து ஸ்க்ரூ கழற்றியதும் அதன் அருமை தெரியும்.

இரவுப்பறவை எழுதியது:

நான் சொல்வது மாறாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். என் வீட்டில் ஒரு மேக்புக், இரண்டு போன், தம்பியின் கேம் கன்சோல். எல்லாவற்றையும் நானே திறக்கிறேன். மூன்று தனித் திருப்புளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 2009-லிருந்தே ஆப்பிள் ஐந்து இதழ் பென்டலோப் போட ஆரம்பித்துவிட்டது. மேக்புக் அடிமூடிக்கு பி5, ஐபோனுக்கு பி2. நின்டெண்டோ கன்சோல்களில் மூன்று சிறகுள்ள முனை. இவை இல்லாமல் ஒரு மூடியும் திறக்காது. ஐஃபிக்ஸிட் கம்பெனியின் 64 பிட் மேக்கோ செட் வாங்கினேன். விலை அதிகம்தான். ஆனால் நாலு வருடமாக ஒரு முனைகூட முறுக்கவில்லை. அதே கம்பெனியில் சிறிதாக 16 பிட், 32 பிட் செட்களும் உண்டு.

பென்டலோப் ஸ்க்ரூவைத் தட்டை முனையாலோ டார்க்ஸாலோ நெம்பிப் பார்க்காதீர்கள். அதன் குழி மிகச் சிறியது, ஒரே வழுக்கலில் போய்விடும்.

கழற்றிமாட்டி எழுதியது:

இரவுப்பறவை அக்கா சொல்வது அவர் வீட்டுக்கு முழுக்கச் சரி. நானும் அதைத்தான் சொல்கிறேன், என்னென்ன திறக்கப்போகிறோம் என்று எழுதி வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றால் ஷியோமி, வீஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த 24 பிட் செட் போல ஒன்று. சின்ன அலுமினியப் பெட்டி, எஸ்2 முனைகள், பிலிப்ஸ், டார்க்ஸ், பென்டலோப் எல்லாம் அதில் உண்டு. இதே அமைப்பில் மற்ற கம்பெனிகளும் செய்கின்றன. 24-க்கு மேல் போனால் ஒவ்வொரு முனையும் உங்களுக்கு எதற்கு என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவரவு எழுதியது:

முனையில் காந்தம் இருந்தால் எஸ்எஸ்டி கெட்டுவிடும் என்று படித்தேன். உண்மையா?

பச்சைப்பலகை எழுதியது:

இல்லை. எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாக இருக்கிறது, காந்தமாக அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கின் உலோக உறைக்கு வெளியே இந்தச் சின்னக் காந்தத்தால் ஒன்றும் ஆகாது. காந்தம் இல்லாத முனையை வாங்காதீர்கள். ஸ்க்ரூ மதர்போர்டுக்கு அடியில் உருண்டு போனால் தேடி எடுப்பது பெரும்பாடு.

விசிறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 24 பிட் செட் ஒன்றும், தனியாக ஒல்லித் தண்டு பிஎச்0 ஒன்றும் ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டும் சேர்த்தும் நான் நினைத்திருந்த தொகைக்குள்தான். அந்தத் தேய்ந்த ஸ்க்ரூவை என்ன செய்வது? ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பினால் வரும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்.

மெதுவாகத்திருப்பு எழுதியது:

ரப்பர் பேண்ட் பெரிய ஸ்க்ரூவுக்குச் சில நேரம் உதவும். இவ்வளவு சிறிய குழியில் ரப்பர் போனால் முனைக்கு இடமே இருக்காது. நான் செய்யும் வரிசை இது. முதலில் குழியை ஊசியால் சுரண்டி உலோகத் தூளை எடுப்பேன். பிறகு ஒரு அளவு பெரிய புது முனையை வைத்து நன்றாக அழுத்திப் பார்ப்பேன். பாதி தேய்ந்ததில் பெரும்பாலும் இதற்கே வந்துவிடும். வராவிட்டால் சற்றே பெரிய டார்க்ஸ் முனையைக் குழியில் அழுத்தி உட்கார வைத்துத் திருப்புவேன், அதன் ஆறு விளிம்பும் புதிதாகக் கடிக்கும்.

ஸ்க்ரூவின் மறையில் நீல நிறப் பூச்சு இருந்தால் அது இளகாமல் இறுக்கிப் பிடிக்கும். சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் சில விநாடி வைத்தால் பிடி தளரும். ஆனால் பிளாஸ்டிக் உடம்பிலும் பேட்டரிக்குப் பக்கத்திலும் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ட்ரில் போடுவதும் அப்படியே. உள்ளே விழும் உலோகச் சீவல் மதர்போர்டில் ஷார்ட் ஆக்கிவிடும்.

கழற்றிமாட்டி எழுதியது:

செட் வருவதற்குள் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் துளை போட்டு, கழற்றக் கழற்ற அதிலேயே குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் என்று நினைக்காதீர்கள். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டால் மேலே கீபோர்டுப் பக்கம் குமிழாக எழும்பும், அல்லது உள்ளே எதையாவது குத்தும்.

ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டும். மூடியின் கொக்கிகளை விடுவிக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டையோ கிட்டார் மீட்டும் துண்டோ போதும். செட்டோடு வரும் உலோக நெம்பியை அங்கே விடாதீர்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது.

ப்ராசஸர் மேல் உள்ள ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் துண்டு) ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போதும் அப்படியே.

திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்குவது என்பதுதான் பலருக்குக் குழப்பம். லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்களின் பராமரிப்புக் கையேட்டில் ஒரு அருமையான கணக்கு இருக்கிறது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்தில், ஸ்க்ரூ தலை மேற்பரப்பைத் தொட்ட பிறகு கால் சுற்று, அதாவது 90 டிகிரி. மின்பலகையைப் பிளாஸ்டிக்கில் பொருத்தும் இடத்தில் அரைச் சுற்று, 180 டிகிரி. எந்த லேப்டாப்புக்கும் நான் இதை மனதில் வைத்துத்தான் இறுக்குகிறேன். மறை வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் திரும்ப வராது.

விசிறிச்சத்தம் எழுதியது:

நேற்றுத் திறந்துவிட்டேன்! வரிசையாகச் சொல்கிறேன்.

மேலாக இருந்த எட்டு ஸ்க்ரூக்களும் செட்டில் இருந்த பிஎச்1-ல் வந்தன. அண்ணா சொன்ன மாதிரி ஆட்டிப் பார்த்தேன். பிஎச்0 லேசாக ஆடியது, பிஎச்1 வைத்ததும் அசையவில்லை. ஆழமான துளை இரண்டிலும் பிட் தண்டு வாயில் முட்டி நின்றுவிட்டது. ஒல்லித் திருப்புளிதான் இறங்கியது. அது இல்லாமல் போயிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். தேய்ந்த ஸ்க்ரூவில் ஊசியால் சுரண்டியதும் கறுப்பாக ஏதோ வந்தது. இரண்டு கையாலும் அழுத்தி, மிக மெதுவாகத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. பிறகு ‘கட்’ என்று ஒரு சத்தம், இளகிவிட்டது.

மூடி வரவில்லை. பின்பக்க ரப்பர் பாதத்துக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ. 11 இல்லை, 12.

விசிறிக்கும் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. அப்படியே உரித்து எடுத்தேன். பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. இப்போது எஸ்எஸ்டியில் ஓடுகிறது, விசிறி இருப்பதே தெரியவில்லை.

அந்தத் தேய்ந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போட மனம் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கூட்டில் இருந்த ஸ்க்ரூ நாலு சும்மா கிடக்கிறது. அதில் ஒன்றைப் போடலாமா?

மெதுவாகத்திருப்பு எழுதியது:

வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கின் பக்கத்தில் போவது எம்3. உங்கள் மூடியில் பிஎச்1 உட்கார்ந்ததை வைத்துப் பார்த்தால் அது எம்2.5 ஆக இருக்க வேண்டும். திணித்தால் உள்ளே இருக்கும் பித்தளை மறை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். நல்ல ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி, தலைக்குக் கீழே நீளத்தை அளந்து, அதே அளவில் புதிது வாங்குங்கள். தலை தட்டையா, உருண்டையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த ஓரம் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

விசிறிச்சத்தம் எழுதியது:

அளந்தேன். 5 மி.மீ., தட்டைத் தலை. ஆர்டர் போட்டாயிற்று. என் தோழியின் லேப்டாப்பும் இதே மாதிரி இரைகிறதாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறாள். அவளுடையதில் டி5 என்று தெரிகிறது. செட்டில் அந்த முனை இருக்கிறது, பார்த்துவிட்டேன்.